உலக்கைச் சத்தம் ஓய்ந்த வீடுகள்



நமது இல்லங்களிற் பலவற்றில் அம்மிக்கு இன்று எஞ்சியிருக்கும் கடமை ஒன்றே ஒன்றுதான். திருமண நாளில் மணமகளின் பாதத்தை ஒரு கணம் தாங்கிக்கொள்வது. கல்லைப் போல் உறுதியாக நிற்கவேண்டும் என்பதே அச்சடங்கின் பொருள் எனப் பெரியவர்கள் விளக்குவர். ஆனால் நமது பாட்டிமார் மணவறையில் நின்ற காலத்தில் அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. இன்று காலால் மிதிக்கும் அந்தக் கல்லின் முன்னாற்றான் நாளை முதல் கைநோக நிற்கவேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்றோ மணவறைச் சோடனைக்காரரே அம்மியையும் கொண்டுவந்து வைத்து, சடங்கு முடிந்ததும் எடுத்துச் சென்றுவிடுகிறார். பொருள் போய்விட்டது, குறியீடு நிற்கிறது.

இலக்கியத் தொடர் ஒன்றில் மிக்சிக்கும் கிறைண்டருக்கும் பிறிட்ஜுக்கும் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உலக்கையின் தாளத்திற் பிறந்த பாட்டு வடிவமொன்று தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தது. உலக்கை மூலைக்குப் போனபோது அதுவும் மூச்சடங்கிப் போயிற்று. வீட்டுச் சாதனங்கள் மாறும்போது சமையலின் முறை மட்டும் மாறுவதில்லை. வீட்டிலுள்ளோர் ஒருவரோடொருவர் பேசும் முறை, அயலாரோடு கொண்டாடும் உறவு, பாட்டு, பழமொழி யாவுமே இடம் பெயர்கின்றன. அந்த இடப்பெயர்வைத்தான் இன்று சற்று நோக்கப் போகிறோம்.

பாட்டாகிய வேலை

தானியம் குற்றும்போது மகளிர் பாடும் பாட்டுக்கு வள்ளைப்பாட்டு என்று பெயர். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் யானைக்கொம்பை உலக்கையாகக் கொண்டு மாறி மாறிக் குற்றியவாறே தலைவனைப் பழித்தும் புகழ்ந்தும் பாடுகின்றனர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் மூவேந்தரையும் போற்றும் வள்ளைப்பாட்டுகள் உள்ளன. மணிவாசகரின் திருப்பொற்சுண்ணம், நறுமணப் பொடி இடிக்கும் பெண்கள் கூடிப் பாடும் பாவனையில் அமைந்தது. மட்டக்களப்பு நாட்டார் பாடல்களிலும் நெல்லுக் குத்தும் பாடல்கள் இடம்பெறுகின்றன.

இப்பாட்டுகள் ஏன் பெரும்பாலும் இருவர் பாடும் முறையில் அமைந்தன? விடை உரலிலேயே உள்ளது. ஓருரலில் இருவர் நின்று இடிக்கும்போது ஒருத்தியின் உலக்கை உயரும் வேளையில் மற்றவளின் உலக்கை இறங்க வேண்டும். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை முட்டும், கையும் அடிபடும். எனவே ஒருத்தி ஓரடி, மற்றவள் மறு அடி என்று பாட்டு வேலையை ஒழுங்குசெய்தது. கேள்வியும் மறுமொழியுமாக நடக்கும் அந்தக் கவிதை வடிவம், ஒரு வேலைப் பாதுகாப்பு ஏற்பாடாகவும் இருந்தது எனலாம்.

இன்னொன்றும் உண்டு. மாமியாரையோ கணவனையோ நேருக்கு நேர் குறை சொல்ல இயலாத பெண், உரலடியில் பாட்டாகச் சொல்லிவிடலாம். உலக்கைச் சத்தத்தில் பாதி கேட்கும், பாதி கேட்காது. கலித்தொகைத் தோழி, தலைவன் மறைந்து நிற்பது தெரிந்தே அவனைப் பழித்துப் பாடுவதும் இந்த உபாயந்தான்.

எலும்பில் எழுதிய வரலாறு

பாட்டைப் போற்றும் நாம் அந்த வேலையின் விலையை மறந்துவிடலாகாது. சிரியாவில் அபு ஹுரேரா என்னுமிடத்தில் மிகப் பழைய வேளாண் குடியிருப்பொன்று அகழப்பட்டது. அங்கு கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த தேயா மொல்லிசன் என்னும் அறிஞர் 1994இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பெண்களின் கால் பெருவிரல் மூட்டுகளும் முழங்கால்களும் முதுகெலும்பும் ஒரே விதமாகத் தேய்ந்தும் சிதைந்தும் இருந்தன. நாள்தோறும் பல மணித்தியாலம் முழந்தாளிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, முன்னும் பின்னும் அசைந்து கல்லில் தானியம் அரைத்ததன் விளைவு அது என்பது அவரது விளக்கம்.

மத்திய ஐரோப்பாவின் ஆதி வேளாண் பெண்களின் எலும்புகளைப் பற்றி 2017இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பெண்களின் மேற்கை எலும்புகள், இன்றைய முதல்தரப் படகுவலிப்புப் போட்டியாளரான பெண்களின் எலும்புகளைவிட உடலளவு விகிதத்தில் 11 முதல் 16 வீதம் வரை வலிமை கூடியவையாய் இருந்தனவாம். மண்ணைக் கொத்தியதும் தானியம் அரைத்ததும் அதற்குக் காரணமாகலாம் என்கின்றனர் ஆய்வாளர். படகோட்டி பதக்கத்துக்காகப் பயிற்சி செய்கிறாள். அவர்கள் இராச் சாப்பாட்டுக்காகச் செய்தார்கள்.

இதனை நமது அடுப்படிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு நேரத்துப் புட்டுக்கு வேண்டிய வேலைகளை எண்ணினாற் போதும். அரிசியை ஊறவைத்து வடித்தெடுக்க வேண்டும். உரலில் இட்டு இடிக்க வேண்டும். அரிதட்டில் அரித்து, தங்கிய கப்பியை மீண்டும் உரலில் போட வேண்டும். மாவைப் பதமாக வறுத்து ஆறவிட வேண்டும். பின் கொதிநீர் விட்டுக் குழைத்துக் கொத்தி, தேங்காய் திருவிச் சேர்த்து, நீத்துப்பெட்டியில் இட்டு அவிக்க வேண்டும். இதற்கிடையில் சம்பலுக்கு அம்மி, குழம்புத் தூளுக்கு மிளகாய் வறுத்து இடித்தல், விறகுக்கும் தண்ணீருக்கும் வேறு ஓட்டம். தின்று முடிப்பதற்கோ கால் மணித்தியாலம் போதும்.

அம்மியில் அரைத்த சம்பலின் ருசி எந்த மிக்சியிலும் வராது என்று ஏக்கத்தோடு எழுதுபவர் பலர். அந்த ருசி உண்மையானதே. கல்லின் கீழ் நசுங்கும் மிளகாயும் தேங்காயும் எண்ணெய் கசிய மெதுவாக ஒன்றாகின்றன. மிக்சியின் தகடோ விரைந்து வெட்டுகிறது. ஆனால் அந்த ஏக்கத்தை எழுதியவர்களுள் எத்தனை பேர் நாள்தோறும் குழவி பிடித்தவர்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிட்ட கை எழுதிய அளவுக்கு, அரைத்த கை எழுதவில்லை.

கல்லுக்கு மாற்று

இந்தப் பாரத்தை முதலில் இறக்கி வைத்தது வீட்டு இயந்திரம் அன்று, ஊர் மில்லே. நெல்லுக் குற்றவும் மாத் திரிக்கவும் மில்கள் வந்தபோது, சைக்கிள் கரியரில் பையைக் கட்டிச் சென்று வரிசையில் நிற்பது வீட்டுப் பையன்களின் வேலையாயிற்று.

அங்கே ஒரு துயரமும் நேர்ந்தது. கணவனை இழந்து, அயல் வீடுகளில் நெல்லுக் குற்றியும் மா இடித்துக் கொடுத்தும் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் நமது ஊர்களில் இருந்தார்கள். மில் வந்தது, அவர்களுடைய முதுகைக் காப்பாற்றிற்று, கூலியையும் பறித்தது. ஓர் இயந்திரத்தின் வரவு எல்லார் வாசலிலும் ஒரே முகத்தோடு வந்து நிற்பதில்லை.

வீட்டுக்குள் வந்த அரைக்கும் இயந்திரங்களின் கதை சுவையானது. ஆட்டுக்கல்லை மின்சாரத்தாற் சுழலச் செய்யும் கிறைண்டரை 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கினார். பொறிமுறை எளிது. நமது ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவி சுழலும். கிறைண்டரில் உரல் சுழல, குழவி நிலையில் நின்று உருள்கிறது. கல்லைக் கைவிடாமல் கையை மட்டும் விடுவித்ததே அதன் வெற்றி. கோயம்புத்தூர்க் கிறைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

மிக்சியின் கதையில் ஒரு மனைவி வருகிறார். பழச்சாறு கலக்கவும் கேக் மா அடிக்கவும் மேல்நாட்டார் செய்த இயந்திரங்கள், நமது ஊறவைத்த உழுந்தையும் காய்ந்த மஞ்சளையும் கண்டு திணறிப் புகைந்தன. இந்தியாவில் பொறியியலாளராகப் பணியாற்றிய சத்திய பிரகாஷ் மாத்தூர், தம் மனைவி மாதுரியின் மேல்நாட்டு மிக்சி பழுதாகிப் போனதைக் கண்டு, நமது சமையலுக்கு ஈடுகொடுக்கும் மோட்டரைத் தாமே வடிவமைத்தார். 1960களில் அதுவே சுமீத் மிக்சியாகச் சந்தைக்கு வந்தது.

நமது நாட்டில் 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதன்பின் இச்சாதனங்கள் கடைகளில் நிறைந்தன. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றவர்கள் உழைப்பின் பயனாகக் கொண்டுவந்தவற்றுள்ளும் மிக்சியும் றேடியோவும் முதலிடம் பெற்றன. தன் வீட்டு வேலையை இலேசாக்கும் பெட்டியை வாங்குவதற்காக ஒரு பெண் இன்னொருத்தியின் வீட்டு வேலையைச் செய்யக் கடல் கடந்து போனாள். இதைப் பாடுவதற்கு வள்ளைப்பாட்டு இருக்கவில்லை.

தானே அணையும் அடுப்பு

சோற்றுப் பானையின் கதை இன்னும் நுட்பமானது. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் றைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் தோக்கியோவிற் சிறு தொழிற்கூடம் நடத்திய மினாமி யொஷிததா. ஆனால் சோறு எப்போது வேகிறது, எப்போது கரிகிறது, குளிரிலும் வெயிலிலும் அது எப்படி மாறுகிறது என்பவற்றையெல்லாம் மீண்டும் மீண்டும் சமைத்துப் பார்த்துக் குறித்துவைத்தவர் அவரது மனைவி புமிகோ. பொறியியலாளர் அறியாத ஒன்றை அடுப்படியில் நின்ற பெண் அறிந்திருந்தார்.

அவர்கள் கண்ட வழி இதுதான். வெளிப்பானையில் அளவாகத் தண்ணீர் விட்டு, உள்பானையில் அரிசியை வைத்தனர். தண்ணீர் உள்ளவரை வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. வெளிநீர் சுமார் 20 நிமிடத்தில் வற்றியதும் வெப்பம் திடீரென ஏறும். அப்போது, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு வெப்பத்தால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். பின்வந்த குக்கர்களில் வெளிநீர் போய், குறித்த வெப்பத்தில் ஈர்ப்பை இழக்கும் காந்தம் அந்த வேலையைச் செய்தது. 'டக்' என்று கேட்கும் சத்தம் அந்தக் காந்தம் விடுபடும் சத்தமே.

இதனால் விளைந்த பெரிய மாற்றம் சோறு சுலபமாக வெந்தது மட்டுமன்று; காவல் இருக்கும் வேலை ஒழிந்தது. அடுப்பில் உலை இருக்கும்போது வீட்டுப் பெண் படலையைத் தாண்டிப் போக முடியாது. தானே அணையும் அடுப்பு அவளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கும் ஆசிரியைக்கும், வங்கியில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அதன் பெறுமதி தெரியும்.

கூடவே போனது கஞ்சி. சோறு வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடித்தோம். சீலைக்கு மொடமொடப்புப் போட்டோம். மிஞ்சியதை மாட்டுக்கு வைத்தோம். குக்கரில் வற்ற வெந்த சோற்றுக்குக் கஞ்சி இல்லை.

மண்பானையும் பிறிட்ஜும்

பிறிட்ஜின் தத்துவம் நமக்குப் புதிதன்று என்றால் நேயர்கள் வியப்படையலாம். மண்பானையின் நுண்துளைகளாற் கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. பிறிட்ஜிலும் அதுவே நிகழ்கிறது. உள்ளேயுள்ள குழாய்களில் ஒரு திரவம் ஆவியாகிக் குளிரூட்டுகிறது. பானையின் ஆவி காற்றோடு போய்விடும். பிறிட்ஜோ தன் ஆவியை விடுவதில்லை. மோட்டர் அதனை அமுக்கிப் பின்புறத்துக் குழாய்களிற் செலுத்த, அங்கே வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் திரவமாகி உள்ளே திரும்புகிறது. பிறிட்ஜின் பின்புறம் சுடுவதன் காரணம் இதுவே. இம்முறைக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் 1834இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1920களிற்றான் அது வீடுகளுக்கு ஏற்ற பெட்டியாகி அமெரிக்காவிற் பரவிற்று.

பிறிட்ஜ் நமது அயலுறவை மாற்றிய விதம் நுணுக்கமானது. அது வருமுன் சமைத்த உணவுக்கு ஆயுள் ஒரு நாள். மீன் அதிகம் அகப்பட்டால் கருவாடாக்க வேண்டும், அல்லது அயலுக்குக் கொடுக்க வேண்டும். மிஞ்சிய சோறு மறுநாட் காலையில் பழஞ்சோற்றுத் தண்ணியாகும். பலாப்பழம் வெட்டினால் நாலு வீட்டுக்குப் போகும். கொடுத்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வருவதில்லை. ஒரு பிடி கீரையாவது அதில் இருக்கும். கெட்டுப்போகும் என்ற பயமே கொடுக்கும் பழக்கத்துக்கு ஒரு பாதுகாவலனாய் இருந்தது. இன்று மிஞ்சியது மூடி போட்ட டப்பாவில் நாளைக்கும் மறுநாளைக்கும் உள்ளே போகிறது. நாம் கஞ்சராகிவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தேயாக வேண்டிய கட்டாயம் நீங்கியது, அவ்வளவுதான். இனிக் கொடுப்பதானால் மனம் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அதே பெட்டி, குழந்தையின் பாலையும் நீரிழிவு நோயாளியின் இன்சுலினையும் காப்பாற்றுகிறது என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

கேட்கும் வீடு, பார்க்கும் வீடு

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாக 1925 டிசம்பர் 16இல் தொடங்கிற்று. வீடுகளில் றேடியோ வந்தமர்ந்தபோது அது சாமான் மட்டுமாக இருக்கவில்லை. துணி போட்டு மூடிவைக்கும் மரியாதை அதற்கு இருந்தது. அயலவர் முற்றத்தில் வந்திருந்து செய்தியும் நாடகமும் கேட்டனர். ஆனால் றேடியோவிடம் ஒரு நற்குணம் உண்டு. அது காதை மட்டுமே கேட்கும், கையைக் கேட்காது. மரக்கறி நறுக்கியபடியும் ஓலை பின்னியபடியும் நாடகம் கேட்கலாம். உரலடியிலிருந்து எழுந்த பாட்டின் இடத்தை றேடியோப் பாட்டு பிடித்துக்கொண்டது. ஆயினும் ஒரு வேற்றுமை. பாடிக்கொண்டிருந்தவர்கள் கேட்பவர்களானார்கள்.

தொலைக்காட்சி இலங்கைக்கு 1979இல் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. வட புலத்தில் தூர்தர்ஷனைப் பிடிப்பதற்காக உயர்ந்த அன்ரெனாக்கள் எழுந்தன. ரீ.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்த்த இரவுகளை அக்காலத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். றேடியோ கையை விட்டுவைத்தது, ரீ.வி. கையையும் கண்ணையும் சேர்த்தே கேட்டது. வட்டமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இருந்த கதிரைகள் ஒரே திசை நோக்கித் திரும்பிக்கொண்டன.

மிச்சம் பிடித்த நேரம் எங்கே?

இத்தனை இயந்திரங்களும் மிச்சம் பிடித்த நேரம் என்னவாயிற்று? இதுதான் நம் பொருளின் மையம்.

ஜோவான் வானெக் என்னும் ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட கணக்கு பலரைத் திடுக்கிட வைத்தது. அமெரிக்காவில் வெளிவேலைக்குப் போகாத இல்லத்தரசி 1924இல் வாரத்துக்குச் சுமார் 52 மணித்தியாலம் வீட்டு வேலை செய்தாள். சலவை இயந்திரமும் பிறிட்ஜும் மின்னடுப்பும் வீடு நிறைந்த 1960களில் அவள் செய்தது 55 மணித்தியாலம்! வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு நூலில் இதற்குக் காரணம் தேடினார். இயந்திரங்கள் வேலையின் கடுமையைக் குறைத்தன. ஆனால் அவற்றோடு எதிர்பார்ப்பும் உயர்ந்தது. வாரத்துக்கு ஒருமுறை மாற்றிய சட்டையை நாள்தோறும் மாற்றினர். ஒரு கறியோடு உண்டவர் மூன்று கறி கேட்டனர். அது மட்டுமன்று. ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்குகளைத்தான் இயந்திரங்கள் முதலில் ஒழித்தன. மிஞ்சிய பங்கு முழுவதும் தாயின் தலையில் விழுந்தது.

நமது வீடுகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம். விறகு கொத்துவது தகப்பனின் வேலை. காஸ் சிலிண்டர் வந்ததும் அந்த வேலை போயிற்று. மில்லுக்குப் போவது மகனின் வேலை. பைக்கற் மா வந்ததும் அதுவும் போயிற்று. துலா மிதிப்பதும் தண்ணீர் அள்ளுவதும் மின்பம்பியோடு போயின. உடுப்பு வெளுப்பதை ஒரு சமூகத்தவரின் தலையிற் குடிமைத் தொழிலாகச் சுமத்தியிருந்த அநீதி ஒழிந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் அந்த மூட்டை சலவை இயந்திரத்தின் மேல் இறங்கியபோது, இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் பொறுப்பு யாருடையதாயிற்று? அப்பம் சுடுவதும் சமைப்பதும் துவைப்பதும் எல்லாம் இப்போது 'சும்மா பொத்தானை அழுத்துவது' தானே என்று ஒரு பேச்சு. உலக்கை பிடித்தவளின் களைப்பு ஊருக்குத் தெரிந்தது. பொத்தான் அழுத்துபவளின் களைப்பு வீட்டாருக்கே தெரிவதில்லை.

முன்பு உரலடியில் இருவர் நின்றனர் என்றோம். இன்று மிக்சியடியில் ஒருத்தியே நிற்கிறாள். அதன் இரைச்சலில் பாட்டென்ன, பேச்சும் கேளாது.

எனினும் பழையதே நன்று என்று இதற்குப் பொருளாகாது. முதுகுடையும் வேலையிலிருந்து விடுபட்ட பெண்ணே பள்ளிக்கூடம் போனாள், பத்திரிகை படித்தாள், உத்தியோகம் பார்த்தாள், எழுதவும் தொடங்கினாள். நம்மிடையே பெண் எழுத்தாளர் பெருகியதற்குக் கல்வியோடு மில்லுக்கும் குக்கருக்கும் ஒரு சிறு பங்காவது உண்டு.

கல் மீண்டும் பேசிய காலம்

இயந்திரம் நிறைந்த வீட்டில் மின்சாரம் ஒரேயடியாய் நின்றுபோனால் என்ன நிகழும்? இக்கேள்விக்கு யாழ்ப்பாணத்தவர் அனுபவத்தால் விடை அறிந்தவர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னாயிற்று, பற்றறியும் கிடைக்கவில்லை. மிக்சியும் ரீ.வி.யும் பிறிட்ஜும் வெறும் பெட்டிகளாகி ஊமைகளாய் நின்றன.

அப்போது மூலையிற் கிடந்த அம்மியைக் கழுவி எடுத்தார்கள். உரல் மீண்டும் முற்றத்துக்கு வந்தது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் திரியுமிட்டுச் செய்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோவைப் பேச வைத்து, சுற்றிவரக் கூடியிருந்து செய்தி கேட்டார்கள். சுற்றிய கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்; ஆகவே முறை வைத்துச் சுற்றினார்கள். எவராலும் தனித்துக் கேட்க முடியாத றேடியோவாக அது இருந்தது. காலால் மிதிக்கும் தையல் மெசின் மட்டும் எதையும் பொருட்படுத்தாது ஓடிக்கொண்டிருந்தது. 1877இல் சிங்கர் நிறுவனத்தோடு இந்நாட்டுக்கு வந்த அந்த இயந்திரந்தான் நம் வீடுகளின் மூத்த இயந்திரம். மின்சாரத்தை நம்பி அது வரவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கையில் எடுக்கக் கூடியதையே எடுத்தார்கள். பின்பு திரும்பி வந்தவர்கள் பல வீடுகளிற் கண்டது, எவராலும் தூக்கிச் செல்ல முடியாத கல்லையும் உரலையுந்தான்.

அந்தப் பாடம் ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. காஸ் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசை. கொழும்பின் தொடர்மாடி வீடுகளிலிருந்தவர்கள் விறகடுப்பு வைக்க இடமின்றித் தவித்தார்கள். அடுப்புக்கு ஒரு முற்றம் வேண்டும், புகை போக ஒரு கூரை வேண்டும் என்பதை அந்த வீடுகளைக் கட்டியவர்கள் நினைத்திருக்கவில்லை. புதிய சாதனம் பழைய சாதனத்தை அகற்றும்போது, அது இருந்த இடத்தையும் சேர்த்தே அகற்றிவிடுகிறது.

சொல்லில் எஞ்சியவை

சாதனம் போனாலும் சொல் சில காலம் நின்று பேசும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்கிறோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோம். அரைத்த மாவையே அரைக்கிறார் என்று மேடைப் பேச்சாளரைக் கேலி செய்கிறோம். இவற்றைச் சொல்லும் இளைஞருட் பலர் உரலை இடித்தும் அம்மியை நகர்த்தியும் அறியார். கப்பி, பூண், குறுணி, அம்மி பொளிதல் முதலிய சொற்களோ பழமொழிக்குள் ஏறிக்கொள்ளாததால் கரையிலேயே நின்றுவிட்டன. நமது வீட்டில் மூத்த பெண்களிடம் இச்சொற்களைக் கேட்டுக் குறித்துவைப்பது ஓர் இலக்கியப் பணியே ஆகும். கேட்கும்போது வேலையின் பெயரோடு வலியையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்ததே வரலாறு.

நேயர்களே, இயந்திரம் கையின் பாரத்தைக் குறைத்தது. பாரத்தைப் பங்கிடும் வேலையை அது செய்யவில்லை, செய்யவும் மாட்டாது. குக்கர் சோற்றை வேகவைக்கும். அரிசி கழுவியது யார், பாத்திரம் துலக்கப் போவது யார் என்று அது கேட்பதில்லை. உரல் ஒன்றுக்கு உலக்கை இரண்டு என்ற பழைய ஏற்பாட்டில் காலத்துக்கு ஏற்றபடி மீட்டெடுக்கத்தக்கது ஒன்று உண்டு. உரலையும் உலக்கையையும் நான் சொல்லவில்லை. எதிரே நின்ற அந்த இரண்டாவது ஆளைத்தான் சொல்கிறேன். அந்த ஆள் ஆணாகவும் இருக்கலாம்.